சவப்பெட்டிக் கட்டை கட்டிய பந்தய வண்டி

ஈப்போ பக்கத்துக் குனோங் ராபாட்டில் சில்வெஸ்டரைத் தெரியாதவர்கள் உயிரோடு இருப்பவர்கள் மட்டும்தான் என்று அவருடைய மச்சான் ரோய்ஸ்டன் சொல்வான். அதில் பாதிதான் உண்மை. சில்வெஸ்டர் ஒரு சவப்பெட்டிக் கடையின் வேன் ஓட்டுநர். செத்தவர்களைக் கல்லறைக்கோ சுடுகாட்டுக்கோ கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் வேலை. அதற்கு முன்னால் தொழிற்சாலை பஸ் ஓட்டினார், டாக்சி ஓட்டினார். பஸ்ஸில் ஏறியவர்கள் லேட் என்றார்கள். டாக்சியில் ஏறியவர்கள் சுற்றிப் போகிறாய் என்றார்கள். வேனில் படுத்து வருகிறவர் இத்தனை வருடத்தில் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. இதைவிட நல்ல பயணி உலகத்தில் உண்டா என்று சில்வெஸ்டர் கேட்பார். கேட்கிற இடம் பெரும்பாலும் துக்க வீடாக இருக்கும், அதனால் யாரும் பதில் சொல்வதில்லை.

ஒரே குறை, வேகம். ஊர்வலத்தில் வேன், நடக்கிறவர்களுக்குப் பின்னால் ஊர்ந்துதான் போக வேண்டும். வாரம் முழுக்க அப்படி ஊர்ந்த மனிதருக்கு ஞாயிற்றுக்கிழமை பழிவாங்கும் நாள். காலையில் பூசை. பூசை முடிந்த கையோடு பழைய தோட்டத்துத் திடல். அங்கே அவருடைய பக்கி காத்திருக்கும். முழங்கை நீளத்தில் ஒரு பந்தய வண்டி, கையிலிருக்கும் ரிமோட்டில் ஓடும். ஆனால் உள்ளே இருப்பது நிஜமான நைட்ரோ எஞ்சின். எண்ணெய் குடிக்கும், நீலப் புகை கக்கும், அறுக்கப் பிடித்த பன்றி மாதிரி கத்தும். பக்கத்துச் செம்பனைக் காட்டில் இருக்கிற குரங்குகள்கூட அந்த நேரத்தில் வேறு வேலை பார்க்கப் போய்விடும்.

அவர் பிறந்த ரப்பர் தோட்டம்தான் அது. இப்போது முக்கால்வாசி செம்பனை, கால்வாசி புது வீடுகள். மாரியம்மன் கோயில், அந்தோணியார் சிற்றாலயம், பந்து விளையாடும் திடல், இவை மட்டும் மிச்சம். தொழிலாளர்கள் குடியிருந்த லயங்கள் இடிந்து போனதற்காக அவர் கண்ணீர் விட்டதில்லை. அந்தக் கக்கூசுக்கு வரிசையில் நின்றவர் எவரும் விட மாட்டார்.

இப்போது அவரைப் பற்றிய முக்கியமான விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். சில்வெஸ்டருக்குக் கண் தெரியாது. முழுக் குருடு இல்லை. இரண்டு கண்ணிலும் புரை. பக்கத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும், தூரத்தில் இருப்பது பால் ஊற்றிய மாதிரி இருக்கும். இரண்டு வருடத்துக்கு முன் மூக்குக்கண்ணாடிக் கடையில் இருந்த சீனப் பெண், "அங்கிள், இது கண்ணாடி கேஸ் இல்ல, ஹோஸ்பிட்டல் போங்க," என்று சொன்னாள். சரி சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தவர்தான், அந்தத் தெருப் பக்கமே பிறகு போகவில்லை.

கண்ணில் கத்தி வைப்பார்கள் என்ற பயம் ஒன்று. அதைவிடப் பெரிய பயம் வேன் சாவி. ஒரு தடவை கையிலிருந்து வாங்கினால் திரும்பக் கொடுக்க மாட்டார்கள் என்று அவர் நம்பினார். அப்புறம் ஸ்டீயரிங் சன்னாசிக்குப் போகும், சில்வெஸ்டர் பெட்டி தூக்குகிறவர்களோடு பின்னால் நிற்க வேண்டும். ஓட்டுநர் என்பதைத் தவிர அவரிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேறொன்றும் இல்லை. அதனால் மனைவி கெர்ட்ரூட்டிடம்கூட மூச்சு விடவில்லை.

இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை. சாலையில் பிள்ளைகுட்டிகள் நடக்கிறார்கள். அவரும் அதை ஒரு மாதிரி சமாளித்துத்தான் வைத்திருந்தார். லூமுட், தைப்பிங் என்று வெளியூர்ச் சாவு வந்தால் உடனே முதுகு பிடித்துக்கொள்ளும், சாவியைச் சன்னாசியிடம் நீட்டிவிடுவார். உள்ளூர் ஊர்வலம் மட்டும்தான் தன் கையில். முன்னால் உறுமி மேளம் போகும், கிறிஸ்தவச் சாவு என்றால் செபமாலை போகும். அந்தச் சத்தத்தின் பின்னாலேயே போனால் போதும். காது இருக்கும்போது கண் எதற்கு என்பது அவர் சித்தாந்தம்.

சன்னாசி அவரோடு வேலை செய்கிற ஆள். மெலிந்த உடம்பு, அதிகம் பேச மாட்டான். ஊர்வலத்தில் வேனின் இடது பக்கம் ஒட்டியே நடந்து வருவான். நடந்து வந்தால் பரவாயில்லை, பானெட்டில் தட்டிக்கொண்டே வருவான்.

"டேய், பெயிண்ட் போவுதுடா," என்பார் சில்வெஸ்டர்.

"மேளம் கேட்டா கை சும்மா இருக்க மாட்டேங்குதுண்ணே."

"செபமாலைக்குமாடா தாளம் போடுவ?"

சன்னாசி தட்டுவதை நிறுத்த மாட்டான்.

பக்கியும் அப்படித்தான், காதால்தான் ஓடியது. எஞ்சின் கத்தல் மெலிந்தால் வண்டி கோயில் பக்கத்து வளைவில் இருக்கிறது. தொண்டை அடைத்தால் மண் மேட்டில் ஏறுகிறது. காது கிழிந்தால் நேர் எதிரே வருகிறது. திடலின் ஒவ்வொரு மூலைக்கும் ஒரு சத்தம் அவர் மண்டையில் இருந்தது. மற்ற எஞ்சின்களுக்கு நடுவிலும் தன்னுடையதன் குரல் அவருக்குத் தனியாகக் கேட்கும். இரண்டு வருடமாகப் பந்தயத்தில் முதலாவதாகவும் வந்துகொண்டிருந்தார். கண் இருந்த காலத்தில்கூட அவ்வளவு ஜெயித்ததில்லை.

வினை புது வீட்டுக்காரர்கள் வடிவில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை தூங்க முடியவில்லை, துணி எல்லாம் புகை நாற்றம் என்று புகார். பந்தயக்காரர்கள் தவக்காலத்தின் முதல் ஞாயிறு திடலில் கூடி, இனிமேல் பேட்டரி வண்டி மட்டும்தான் என்று முடிவு செய்தார்கள். இயேசு உயிர்த்தெழுந்த பாஸ்கா திருநாளுக்கு அடுத்த ஞாயிறு பந்தயம். முடிவை அறிவித்தவன் ரோய்ஸ்டன். கெர்ட்ரூட்டின் தம்பி. ஈப்போவில் கைத்தொலைபேசி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான். அவனுடையது முன்பே பேட்டரி வண்டி. பேசும்போது அவன் முகத்தில் புது மாப்பிள்ளைக் களை இருந்தது.

"பேட்டரி வண்டி பொம்மடா," என்றார் சில்வெஸ்டர். "சின்னப் புள்ளைக்கி வாங்கிக் குடு."

"புது வண்டி வேணாம் மச்சான். உங்க பக்கியையே மாத்திறலாம். எஞ்சின கழட்டிட்டு மோட்டார் வச்சா முடிஞ்சிச்சு. நான் செஞ்சி தரேன்."

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று கேட்டால் அது கண்ணில் போய் முடியும். சில்வெஸ்டர் பெருமூச்சு விட்டுவிட்டு, "சரி, வீட்டுக்கு வா," என்றார்.

சில்வெஸ்டர் வீட்டு முன் கார் நிறுத்தும் இடத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. எஞ்சின், எண்ணெய்த் தொட்டி, புகைக்குழாய், கிளட்ச், பிரேக் தட்டு, எல்லாம் வெளியே வந்தன. சில்வெஸ்டர் விரலால் தடவியே திருகுகளைக் கழற்றினார், அதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. புது மோட்டாரைப் பிடிக்கும் தகட்டின் துளைகள் அடித்தட்டின் துளைகளோடு ஒன்றுகூடப் பொருந்தவில்லை, புதிதாகத் துளை போட்டார்கள். எண்ணெய்த் தொட்டி இருந்த இடத்தில் பேட்டரியை வைத்தால் வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது. அதைச் சரிக்கட்ட மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டியை மறுபக்கம் நகர்த்தினான் ரோய்ஸ்டன்.

கியர்தான் நுணுக்கமான வேலை. மோட்டாரின் சின்னப் பல்சக்கரமும் வண்டியின் பெரிய பல்சக்கரமும் இறுக்கிக்கொண்டால் சூடாகும், விலகி நின்றால் பல் தேயும். இரண்டுக்கும் நடுவில் ஒரு காகிதத்தை வைத்து நெருக்கி, திருகை முடுக்கிவிட்டுக் காகிதத்தை உருவ வேண்டும். ரோய்ஸ்டன் காகிதம் கேட்டான். சில்வெஸ்டர் சட்டைப் பையைத் துழாவி, போன வாரம் அடக்கம் செய்த ஒருவரின் படம் போட்ட நினைவு அட்டையை எடுத்து நீட்டினார்.

"யாரு மச்சான் இது? சிரிச்சிக்கிட்டு இருக்காரு."

"புந்தோங் ஆளு. நல்ல மனுசன். தடிமனும் சரியா இருக்கும், வை."

புந்தோங்காரர் பல்சக்கரங்களுக்கு இடையில் ஒருமுறை நசுங்கி வெளியே வந்தார். இடைவெளி அச்சாக அமைந்தது.

பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவதில் வேறு தகராறு. கூடத்தில் காலியாக ஒரு பிளக்கும் இல்லை. இயேசுவின் திரு இருதயப் படத்துக்குக் கீழே எரியும் சிவப்பு விளக்கைப் பிடுங்கிவிட்டுச் சார்ஜரைச் சொருகினார் சில்வெஸ்டர். பேட்டரி வெடித்தால் என்ன செய்வது என்று அதைப் பிஸ்கட் டின்னுக்குள் வேறு வைத்திருந்தார். சமையலறையிலிருந்து வந்த கெர்ட்ரூட் இருட்டில் இருந்த ஆண்டவரையும் அவர் காலடியில் இருந்த டின்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏங்க, ஆண்டவர் லைட்ட புடுங்கிட்டு இந்தச் சனியனுக்குக் கரண்ட் குடுக்குறீங்களே, விளங்குமா?"

"அவரு இருட்டுலயும் பாப்பாரு கெர்ட்டி. அவருக்கு என்னா, கண்ணு நல்லாத்தான இருக்கு."

சொன்ன பிறகுதான் வாயைக் கடித்துக்கொண்டார். அவள் கவனிக்கவில்லை, சிலுவை போட்டுக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

முதல் ஓட்டம் வீட்டுக்கு முன்னால் தெருவில். சில்வெஸ்டர் விசையை அழுத்தினார். ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் அழுத்தினார்.

"என்னாடா, ஓட மாட்டேங்குது?"

"ஐயோ, விடுங்க மச்சான்! போயிருச்சி!"

வண்டி போய் எதிர்வீட்டு மைவி காருக்கு அடியில் சிக்கி, மணல் அரைத்துக்கொண்டிருந்தது. பழகவில்லை, அதுதான் என்று சொல்லிச் சிரித்தார் சில்வெஸ்டர். ரோய்ஸ்டனும் சிரித்தான். ஒரு நைட்ரோ எஞ்சின் அடங்கியதும் தன் குருட்டுத்தனம் இத்தனை பெரிதாக முன்னால் வந்து நிற்கும் என்று அவர் நினைத்துப் பார்த்ததில்லை. அன்றிலிருந்து தவக்காலம் முடியும்வரை திடலுக்குப் போகாமல், உபவாசம், செபம் என்று சாக்குச் சொன்னார். அவர் உபவாசம் இருந்து கெர்ட்ரூட் பார்த்ததே இல்லை, அவளுக்கே சந்தேகம் வந்தது.

வழி பெரிய வெள்ளிக்கிழமை பிறந்தது. பெரிய வியாழன் பூசைக்குப் பிறகு பாஸ்கா வரைக்கும் தேவாலயத்தில் மணி அடிக்கக் கூடாது, அதற்குப் பதிலாக மரக்கட்டையைத் தட்டுவார்கள். சில்வெஸ்டர் சிறுவயதில் பூசைக்கு உதவிய காலத்தில் அந்தக் கட்டைக்காக மற்றப் பையன்களோடு அடிதடியே போட்டிருக்கிறார். அன்று ஆராதனையில் எல்லோரும் முழந்தாளில் இருக்க, கட்டை 'கடகட' என்றது. ஆண்டவர் சிலுவையில் தொங்கிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், சில்வெஸ்டரின் முகம் பல்பு போட்ட மாதிரி ஆனது. மணி ஊமையானால் திருச்சபையே கட்டையைத் தட்டுகிறது. எஞ்சின் ஊமையானால் நான் தட்டக் கூடாதா?

மறுநாள் கடையின் பின்பக்கம் போனார். சவப்பெட்டி அறுத்த பலகைத் துண்டுகள் அங்கே எப்போதும் கிடக்கும். மெல்லிசாக ஒன்றைச் சீவி நாக்கு மாதிரி செய்து, பக்கியின் பின்சக்கரக் கம்பிகளில் படும்படி கட்டினார். மெதுவாகப் போனால் 'கட கட', விரட்டினால் 'கர்ர்ர்'. வளைவில் தயங்கும், மேட்டில் ஒரு நொடி நின்று மறுபடி பிடிக்கும். சில்வெஸ்டருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கண் திரும்பி வந்த மாதிரியே அழுதார்.

பாஸ்கா ஞாயிறு மத்தியானம் திடலில் பயிற்சி ஓட்டம். மற்ற வண்டிகள் கொசு மாதிரி ரீங்கரிக்க, நடுவில் ஒன்று மட்டும் கடகடத்துக்கொண்டு பாய்ந்தது. புது வீட்டுக்காரர்கள் ஜன்னலைத் திறந்து பார்த்தார்கள், இந்தச் சத்தம் ஒன்றுமே இல்லை என்று மூடிக்கொண்டார்கள். எல்லோரையும் ஒரு சுற்று முந்தினார் சில்வெஸ்டர்.

பந்தயக்காரர்கள் அவரை மொய்த்தார்கள். சத்தமில்லாத வண்டி அவர்களுக்குமே சப்பென்றுதான் இருந்தது.

"மச்சான், இது என்னா கட்ட? நம்ம பக்கம் கிடைக்காதே," என்றான் ரோய்ஸ்டன். "சவுண்டே வேற மாதிரி இருக்குலா."

இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் சில்வெஸ்டருக்குப் புகழ் என்றால் உடம்பில் எலும்பு இருக்காது. சவப்பெட்டிப் பலகை, முதல்தரச் சாமான், வெளியில் வாங்க முடியாது என்று அளந்தார். ஆளாளுக்கு எனக்கு, எனக்கு என்றார்கள். அந்த வாரத்திலேயே, அதே பலகையிலிருந்து, அதே அளவில் சீவி, எல்லோருக்கும் ஒன்று கொடுத்தார். சன்னாசிதான் கூட நின்று பலகையைப் பிடித்தான்.

"எல்லாத்துக்கும் ஒரே சத்தம் வருமேண்ணே," என்றான்.

"வரட்டுமேடா. எல்லாரும் நம்ம கட்டதான்."

சன்னாசி அவரை ஒரு நிமிடம் பார்த்தான். அப்புறம் பலகையைப் பிடித்துக்கொண்டான்.

பந்தய நாளன்று கூட்டம் நன்றாகவே இருந்தது. சிற்றாலயத்தின் செலவுக்காகக் கெர்ட்ரூட் திடல் ஓரத்தில் மேசை போட்டு மீ கோரேங் வறுத்து விற்றுக்கொண்டிருந்தாள். கொடி அசைந்தது. ஆறு வண்டிகளும் ஒன்றாகக் கடகடத்துக் கிளம்பின.

அப்போதுதான் சில்வெஸ்டருக்கு உறைத்தது. ஆறும் ஒரே சத்தம். எல்லாம் அவரே சீவிக் கொடுத்தது. ஒரு பெரிய கடகடப்பு திடல் முழுவதும் பரவிக் கிடந்தது, அதில் தன்னுடையது எது என்று அவருக்குச் சத்தியமாகத் தெரியவில்லை. வேர்த்துக் கொட்டியது. முன்னால் தனியாக ஒரு சத்தம் போனது. தான் எப்போதும் முன்னால் போகிறவர்தானே, அதுதான் நம்முடையது என்று பிடித்துக்கொண்டார். அது வளைந்தபோது வளைத்தார், மேட்டில் ஏறியபோது விசையைத் தளர்த்தினார். வண்டி அவர் சொன்னபடியெல்லாம் கேட்டது. இவ்வளவு அழகாக அவர் வாழ்நாளில் ஓட்டியதில்லை. கடைசிச் சுற்றில் அந்தச் சத்தம் கோட்டைத் தாண்டியதும் ரிமோட்டோடு இரண்டு கையையும் தூக்கினார்.

"எப்படி!" என்று கத்தினார். "பேட்டரியாம் பேட்டரி! எவன்டா நம்மள..."

யாரும் கை தட்டவில்லை. ரோய்ஸ்டன் தன் வண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு அவரையே பார்த்தபடி நின்றான்.

"மச்சான்," என்றான் மெதுவாக. "ஜெயிச்சது என் வண்டிலா."

"அப்ப என் வண்டி?"

மேசைப் பக்கமிருந்து கெர்ட்ரூட்டின் குரல் வந்தது. "இங்க என் கால்கிட்ட கெடக்கு. ரெண்டாவது ரவுண்டுலயே வந்து விழுந்திருச்சி. இவ்வளவு நேரமும் நீங்க யாரு வண்டிய ஓட்டுனீங்க?"

மேசைக்கடியில் பக்கி மல்லாந்து கிடந்தது. அவர் விரல் இன்னும் விசையில் இருந்ததால் நாலு சக்கரமும் காற்றில் சுற்ற, சவப்பெட்டிக் கட்டை கடகடத்துக்கொண்டே இருந்தது. இத்தனை பேர் நடுவிலும் அந்தச் சத்தம் ஒன்றுதான் கேட்டது.

கெர்ட்ரூட் மேசையைச் சுற்றி வந்தாள். அவர் முகத்துக்கு நேராக, ஒரு கையளவு தூரத்தில் நின்றாள். இரண்டு வருடமாக அவர் பேப்பர் படிக்காதது, கோழிக்கறியில் இஞ்சியைக் கடித்துவிட்டுத் திட்டியது, மகள் கேரன் அனுப்பிய கல்யாணப் படத்தைத் தலைகீழாகப் பிடித்து அழகா இருக்கு என்றது, எல்லாம் அவளுக்கு ஒரே நேரத்தில் வந்து சேர்ந்திருக்க வேண்டும்.

"வேனையும் இப்படித்தான் ஓட்டுறீங்களா?"

அவள் கையை நீட்டினாள். சில்வெஸ்டர் பையிலிருந்து வேன் சாவியை எடுத்து அந்தக் கையில் வைத்தார். செத்துவிடலாம் போல இருந்தது. கூடவே, வெட்கத்தை விட்டுச் சொன்னால், தலையிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரியும் இருந்தது.

அரசு மருத்துவமனையில் ஒவ்வொரு கண்ணாக அறுவை செய்தார்கள். கத்தி என்று அவர் பயந்தது ஒரு பெரியவர் கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் முடிந்துவிட்டது. கட்டு அவிழ்த்த அன்று முதலில் பக்கியைப் பார்த்தார். ஆழ்ந்த நீலம் என்று நம்பித் தானே பூசிய வண்டி, தவக்காலப் பூசை உடுப்பு மாதிரி ஊதாவாக இருந்தது. இரண்டு வருடமாக ஒரு பயலும் சொல்லவில்லை. அப்புறம் கெர்ட்ரூட்டைப் பார்த்தார். காதோரம் முழுக்க வெளுத்திருந்தது. எப்போது நரைத்தது என்று கேட்க நினைத்தார், கேட்கவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

சாவி திரும்பக் கிடைக்காது என்றுதான் நினைத்திருந்தார். டாக்டர் சரி என்று சொன்ன பிறகு கடைக்குப் போனபோது, அதுவரை வேன் ஓட்டிய சன்னாசியே சாவியைக் கொண்டுவந்து நீட்டினான். முதலாளியம்மா பெர்னடெட்டிடம் அவனே பேசிவிட்டானாம்.

"உள்ள உக்காந்தா எனக்குத் தூக்கம் வருதுண்ணே. நான் நடந்தே வாரேன்."

முதல் ஊர்வலம் குனோங் ராபாட்டிலேயே. முன்னால் மேளம் கிளம்பியது. சில்வெஸ்டர் வேனின் முன்கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்தார். சுண்ணாம்பு மலை ஒவ்வொரு மரத்தோடும் தெளிவாக நின்றது. கோலம் தெரிந்தது, பூனை தெரிந்தது. இடது பக்கத்தில் சன்னாசி, வழக்கம்போல பானெட்டில் கையை வைத்துத் தட்டிக்கொண்டு வந்தான்.

டேய் என்று சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். சன்னாசி தட்டியது மேளத்தின் தாளம் இல்லை. முன்னால் சாலையில் மேடு ஒன்று வந்தது, அதற்குச் சற்று முன் இரண்டு தட்டு. வேன் மேடேறி இறங்கியதும் தட்டு நின்றது. இடது பக்கம் மூடியில்லாத லோங்காங் சாக்கடை ஆரம்பித்த இடத்தில் படபடவென்று விடாமல் தட்டினான், லோங்காங் முடியும்வரை. தெருவைக் கடந்து ஒரு பிள்ளை ஓடியது, உள்ளங்கையால் ஓங்கி ஒரு அடி. சில்வெஸ்டரின் கால் தானாகப் பிரேக்குக்குப் போனது. அந்த அடிக்கு அது பழகியிருந்தது.

காதால் ஓட்டுகிறேன் என்று மார்தட்டிக்கொண்ட இரண்டு வருடமும் அவர் மனதில் ஓடியது. ஜன்னல் கண்ணாடியை இறக்கினார்.

"எத்தன நாளா தெரியும்டா?"

சன்னாசி திரும்பிப் பார்க்காமலே நடந்தான். "மொதல்ல இருந்தே தெரியும்ணே. சொன்னா சாவிய வாங்கிருவாங்கன்னு நீங்கதான் பயந்தீங்க."

"இப்பதான் கண்ணு வந்திருச்சேடா. இன்னும் எதுக்குத் தட்டுற?"

சன்னாசி தன் கையைப் பார்த்தான். அது இன்னும் பானெட்டில்தான் இருந்தது. "அட, ஆமா. மறந்துட்டேண்ணே," என்று கையை எடுத்தான்.

அடுத்த மேடு வந்தது. சத்தமில்லாமல் வந்தது. சில்வெஸ்டர் அதைத் தெளிவாகப் பார்த்தார், மெதுவாக ஏறி இறங்கினார். அப்புறம் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"பெயிண்ட் போனா போவுதுடா," என்றார். "நீ தட்டு."